முன்நேர்வுத் தொகுப்பு தவறான தீர்வைக் காட்டினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய பழுதுகளின் பதிவுகளைத் தேடி, புதிய பழுதுக்கு மிக நெருங்கியதைக் கண்டெடுத்து, அன்று பலித்த தீர்வை இன்றைக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லும் மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்காக இவ்வழிமுறை எழுதப்படுகிறது. கணினித் துறையில் இதனைக் கேஸ் பேஸ்ட் ரீசனிங், சுருக்கமாக சிபிஆர், என்பார்கள். பதிவான ஒவ்வொரு பழைய பழுதையும் இங்கே முன்நேர்வு என்று குறிப்பிடுகிறேன். எடுத்துக்காட்டுகள் யாவும் ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி மோட்டார்களைப் பழுது பார்க்கும் பணிமனைப் பதிவுகளை ஒட்டியவை. பம்ப் தொழில் வேரூன்றிய கோவை வட்டாரத்தில் இத்தகைய பதிவுகள் மூத்த மெக்கானிக்குகளின் நினைவிலும் பழைய நோட்டுப் புத்தகங்களிலும் ஏராளமாக உள்ளன. அவற்றைக் கணினியில் ஏற்றும்போதுதான் கீழ்க்காணும் சிக்கல்கள் தலைதூக்குகின்றன.

1994இல் அக்னார் ஆமோட், என்ரிக் பிளாசா ஆகியோர் இம்முறையை நான்கு படிகளாக வகுத்தனர்: மீட்டெடுத்தல், பயன்படுத்தல், திருத்தல், சேமித்தல். பிழை தேடுபவருக்கு இந்தப் பிரிவினை பெரிதும் உதவும். தவறான முன்நேர்வு மேலே வந்தால் மீட்டெடுத்தலில் கோளாறு. சரியான முன்நேர்வு வந்தும் தீர்வு பலிக்காவிட்டால் பயன்படுத்தலிலோ திருத்தலிலோ கோளாறு. நாளாக ஆகத் தரம் குறைந்தால் பெரும்பாலும் சேமித்தலில் கோளாறு.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

முதலாவதாக, தொகுப்பில் ஏற்கெனவே உள்ள ஒரு முன்நேர்வையே புதிய பழுதைப் போல உள்ளிடுங்கள். அதே பதிவு முழு மதிப்பெண்ணுடன் முதலிடத்தில் வர வேண்டும். வராவிட்டால் மென்பொருள் பதிவைப் படிக்கும் விதத்திலேயே பிழை இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த சோதனைக்குப் போவதில் பயனில்லை.

இரண்டாவதாக, முடிவு உறுதியாகத் தெரிந்த ஒரு முன்நேர்வைத் தொகுப்பிலிருந்து தற்காலிகமாக விலக்கிவிட்டு, அதன் அறிகுறிகளை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். மற்ற பதிவுகளைக் கொண்டு அமைப்பு அதே தீர்வைச் சொல்கிறதா என்று பாருங்கள். இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கிச் சோதித்தால் எந்த வகைப் பழுதுகளில் அமைப்பு தடுமாறுகிறது என்பது வெளிப்படும்.

மூன்றாவதாக, தவறாகச் சொன்ன சில தேடல்களின் விடைகளை அச்சிட்டு, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவருடன் அமர்ந்து வரி வரியாகப் படியுங்கள். இதைச் செய்யாமல், இரு பதிவுகள் எவ்வளவு ஒத்தவை என்று மதிப்பெண் போடும் ஒப்புமைச் சூத்திரத்தில் கை வைக்க வேண்டாம். கோளாறு சூத்திரத்தில் இருக்கும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. ஆனால் நான் பார்த்தவரை, அது பதிவுகள் எழுதப்பட்ட விதத்தில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. சூத்திரத்தை மாற்றினால் ஒரு தவறு மறைந்து வேறு இரண்டு தவறுகள் முளைக்கும்.

## அறிகுறி 1: தொடர்பே இல்லாத முன்நேர்வு முதலிடத்தில் வருகிறது

ஒரே பொருளுக்குப் பல பெயர்கள். ஒருவர் கெபாசிட்டர் என்று எழுதுகிறார், மற்றொருவர் கண்டென்சர் என்கிறார், இன்னொருவர் கப்பாசிட்டர் என்கிறார். மென்பொருளுக்கு இவை மூன்று வெவ்வேறு பொருள்கள். பதிவுப் படிவத்தின் ஒரு கட்டத்தை, அதாவது புலத்தை, எடுத்து அதில் உள்ள எல்லாச் சொற்களையும் அகரவரிசைப்படி வரிசைப்படுத்திப் பார்த்தால் இது கண்ணில் படும். தட்டச்சு செய்யும் இடத்தில் தெரிவுப் பட்டியல் வைப்பதும், பழைய பதிவுகளுக்கு ஒரு சொல்மாற்று அட்டவணை தயாரிப்பதும் போதும். செலவே இல்லாத இத்திருத்தத்தை முதலில் செய்யுங்கள்.

வெற்றுப் புலங்கள். இரு பதிவுகளிலும் ஓவர்லோட் ரிலே பற்றிய புலம் காலியாக இருந்தால், சில மென்பொருள்கள் இரண்டும் ஒத்துப்போவதாக எண்ணி முழு மதிப்பெண் கொடுத்துவிடும். எதுவுமே எழுதப்படாத பதிவுகள் அதனால் மேலே மிதந்து வரும். வெற்றுப் புலத்தைக் கணக்கிலிருந்தே விலக்குவது சரியான வழி. ஆனால் அவ்வாறு விலக்கினால், இரண்டே புலங்கள் நிரப்பப்பட்ட பதிவு அவ்விரண்டிலும் பொருந்தி நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். எனவே மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எத்தனை புலங்கள் ஒப்பிடப்பட்டன என்பதையும் திரையில் காட்டுங்கள்.

அளவுகள் ஒரே தரத்துக்குக் கொண்டுவரப்படாமை. கிணற்றின் ஆழம் அடியில் நூற்றுக்கணக்கிலும் மோட்டாரின் திறன் எச்பியில் ஒற்றை இலக்கத்திலும் இருக்கும். இரண்டையும் அப்படியே கழித்துக் கூட்டினால், ஆழத்தில் உள்ள 200 அடி வேறுபாடு திறனில் உள்ள 4 எச்பி வேறுபாட்டை விழுங்கிவிடும். ஒவ்வொரு வேறுபாட்டையும் அப்புலத்தின் மொத்த வீச்சால் வகுக்க வேண்டும். தொகுப்பில் ஆழம் 100 முதல் 1,100 அடி வரையும் திறன் 1 முதல் 11 எச்பி வரையும் இருப்பதாகக் கொண்டால், 200 அடி வேறுபாடு 0.2 ஆகவும் 4 எச்பி வேறுபாடு 0.4 ஆகவும் மாறும். இவற்றை 1இலிருந்து கழித்தால் ஆழத்தின் ஒப்புமை 0.8, திறனின் ஒப்புமை 0.6. இப்போதுதான் எடைகளைப் பற்றி, அதாவது எந்தப் புலத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதைப் பற்றி, பேசவே முடியும்.

பொருந்தாத எடைகள். வாடிக்கையாளரின் ஊர், மோட்டாரின் நிறுவனப் பெயர் போன்றவை எளிதில் பொருந்திவிடும் புலங்கள். ஆனால் பழுதின் காரணத்தை அவை அரிதாகவே சொல்லும். அவற்றின் எடையைச் சுழியாக்கிவிட்டு, முன்பு சொன்ன விலக்கல் சோதனையை மீண்டும் நடத்துங்கள். விடை கெடாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம்.

உரைத் தேடல் எதிர்ப்பொருளைக் கவனியாமை. வாக்கியங்களை எண் வரிசைகளாக மாற்றித் தேடும் புதிய மாதிரிகளில் இத்தொல்லை அதிகம். ‘கெபாசிட்டர் மாற்றியதும் ஓடியது’, ‘கெபாசிட்டர் மாற்றியும் ஓடவில்லை’ ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒரே சொற்களால் ஆனவை என்பதால் மிக நெருக்கமான மதிப்பெண் பெற்றுவிடக்கூடும். பழுது நீக்குபவருக்கோ இரண்டும் நேரெதிர். பலித்ததா இல்லையா என்பதை உரைக்குள் விடாமல் தனிப் புலமாகப் பிரித்தெடுங்கள்.

நிபுணரை அழைக்கும் இடம்: மேற்கண்டவை அனைத்தையும் சரிசெய்த பின்னும் விலக்கல் சோதனையில் அதே வகைப் பழுதுகள் தவறிக்கொண்டே இருந்தால், எந்தப் புலத்துக்கு எவ்வளவு எடை என்பதைப் பதிவுகளிலிருந்தே கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டியிருக்கும். அது தரவு அறிவியல் தெரிந்தவரின் வேலை.

## அறிகுறி 2: முன்நேர்வு பொருத்தமாகத் தெரிகிறது, ஆனால் அதன் தீர்வு பலிக்கவில்லை

எல்லா அறிகுறிகளிலும் அதிகப் பொருளிழப்பைத் தருவது இதுவே. பொருந்தாத முன்நேர்வை மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடுவார்; பொருத்தமாகத் தெரிவதை நம்பி, குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பல நூறு அடி ஆழத்திலிருந்து மோட்டாரை வெளியே எடுத்துவிடுவார்.

### பதிவில் இருப்பது முதல் முயற்சியா, முடிவான தீர்வா?

முதலில் இதைப் பாருங்கள். ஒரே மோட்டாருக்கு மெக்கானிக் மூன்று முறை போய் வந்திருந்தால், தொகுப்பில் மூன்று பதிவுகள் இருக்கும். முதல் பதிவில் ‘ஸ்டார்ட்டர் சுத்தம் செய்யப்பட்டது’, இரண்டாவதில் ‘கெபாசிட்டர் மாற்றப்பட்டது’, மூன்றாவதில் ‘காயில் கட்டப்பட்டது’ என்றிருக்கும். மூன்றும் தனித்தனி வெற்றிகளைப் போல நிற்கின்றன. உண்மையில் முதல் இரண்டும் பலிக்காதவை. வாடிக்கையாளர் எண்ணையும் மோட்டாரின் வரிசை எண்ணையும் கொண்டு, குறுகிய இடைவெளியில் திரும்ப வந்த பதிவுகளைப் பிரித்தெடுத்து, ஒரே முன்நேர்வாக இணையுங்கள். பலிக்காத முயற்சிகளை அழித்துவிட வேண்டாம். முயன்று தோற்றவை என்று குறித்து வையுங்கள். அடுத்து வருபவருக்கு அவை விலைமதிப்புள்ளவை.

### தீர்மானிக்கும் அளவீடு பதிவாகியிருக்கிறதா?

சிங்கிள் பேஸ் மோட்டார் ஒன்று ‘ஊம்’ என்று இரைகிறது, ஆனால் சுற்றவில்லை. கெபாசிட்டர் போயிருக்கலாம், மின்னழுத்தம் போதாமல் இருக்கலாம், மணல் புகுந்து, தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லர் இறுகியிருக்கலாம். வெளித்தோற்றத்தில் மூன்றும் ஒன்று. பதிவில் ‘இரைகிறது, ஓடவில்லை’ என்று மட்டும் இருந்தால் எந்த ஒப்புமைச் சூத்திரத்தாலும் இவற்றைப் பிரிக்க இயலாது. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் வோல்ட்மீட்டர் காட்டிய அளவு, கெபாசிட்டரைச் சோதித்ததில் வந்த மைக்ரோஃபாரட் அளவு, அண்மையில் தண்ணீருடன் மணல் வந்ததா என்ற விவரம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் பிரிக்க முடியும்.

த்ரீ பேஸ் மோட்டாரில் ‘தண்ணீர் குறைவாக வருகிறது’ என்ற புகாரும் இத்தகையதே. நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், குழாயில் கசிவு இருக்கலாம், இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். வயர்களை மாற்றிப் பொருத்தியதால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றிக்கொண்டும் இருக்கலாம். எதிர்த் திசையில் சுற்றினாலும் தண்ணீர் ஓரளவு வரும் என்பதால் பலரும் இதைச் சந்தேகிப்பதில்லை. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் தீர்ந்துவிடும் இக்கோளாறுக்காக, மோட்டாரையே வெளியே எடுத்தவர்கள் உண்டு. ‘இப்பிரச்சினை வயரிங் வேலைக்குப் பிறகு தொடங்கியதா?’ என்ற ஒரே கேள்வியைப் பதிவுப் படிவத்தில் சேர்த்தால் இந்த நேர்வுகள் தனியே பிரிந்து நிற்கும்.

சோதிக்கும் முறை: அறிகுறிகள் அனைத்தும் ஒத்திருந்து தீர்வு மட்டும் வேறுபடும் முன்நேர்வு இணைகளை வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு இணையையும் மூத்த மெக்கானிக்கிடம் காட்டி, ‘இது அது இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடைதான் படிவத்தில் விடுபட்ட புலம்.

### தீர்வு மாற்றியமைக்கப்படாமல் அப்படியே எடுத்தாளப்படுகிறதா?

முன்நேர்வில் இருந்த மோட்டார் வேறு திறன், இன்றைய மோட்டார் வேறு திறன் என்றால், அன்று போட்ட கெபாசிட்டர் அளவு இன்றைக்குப் பொருந்தாது. தீர்வில் உள்ள எண்களை முன்நேர்விலிருந்து எடுக்காமல், மோட்டாரின் பெயர்த்தகட்டிலிருந்தோ உற்பத்தியாளர் கையேட்டிலிருந்தோ எடுக்குமாறு விதி எழுதுங்கள். முன்நேர்வு ‘கெபாசிட்டரை மாற்று’ என்று சொல்லலாம். எந்த அளவு என்று அது சொல்லக்கூடாது.

ஒரு பகுதியை மாற்றினால் வேறொரு பகுதி பாதிக்கப்படுவது இதைவிடக் கடினமானது. கிறிஸ்டியன் ஹாமண்ட் 1980களில் உருவாக்கிய ‘செஃப்’ என்ற சமையல் திட்ட மென்பொருள் இதற்குத் தெளிவான சான்று. மாட்டிறைச்சியும் பீன்ஸும் சேர்ந்த பழைய செய்முறையில் பீன்ஸுக்குப் பதிலாகப் பிராக்கோலியைப் போட்டு அது புதிய செய்முறை தயாரித்தது. இறைச்சியிலிருந்து வெளியான நீரில் பிராக்கோலி குழைந்துவிட்டது. தோல்விக்கான காரணத்தை ஆராய்ந்த மென்பொருள், இரண்டையும் தனித்தனியே வதக்குமாறு திட்டத்தைத் திருத்தியதோடு, இத்தகைய சேர்க்கையில் இந்தச் சிக்கல் எழும் என்பதையும் சேமித்து வைத்தது. உங்கள் தொகுப்பிலும் தோற்ற தீர்வுக்குப் பக்கத்தில் ஏன் தோற்றது என்ற ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லாத தொகுப்பு அதே தவறைத் திரும்பத் திரும்பச் செய்யும்.

நிபுணரை அழைக்கும் இடம்: மாற்றியமைக்கும் விதிகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கினால், விதிகளை மேலும் கூட்டாமல் அந்தத் தொழிலின் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மின்சாரம், மருந்தளவு, அழுத்தக்கலன் போன்று உயிருக்கு ஆபத்துள்ள இடங்களில் தானாக மாற்றியமைக்கும் வசதியை முழுவதுமாக நிறுத்திவிட்டு, முன்நேர்வைக் காட்டுவதோடு மென்பொருளின் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். முடிவை மனிதர் எடுக்கட்டும்.

## அறிகுறி 3: எதைக் கேட்டாலும் ஒரே தீர்வு வருகிறது

அடிக்கடி நேரும் பழுதின் பதிவுகள் மட்டும் குவிந்துகிடந்தால் இவ்வாறு ஆகும். அருகில் உள்ள முன்நேர்வுகளில் பெரும்பான்மை எதுவோ அதைத் தீர்வாகச் சொல்லும் அமைப்புகளில், அரிய பழுது வாக்கெடுப்பில் தோற்றுப்போகிறது. முதலில், எத்தனை முன்நேர்வுகள் சேர்ந்து முடிவு செய்கின்றன என்ற எண்ணைக் குறைத்துப் பாருங்கள். அடுத்து, நெருங்கியதற்குக் கூடுதல் வாக்கு கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், ஒரே மாதிரியான பதிவுகளில் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் காப்பகத்துக்கு மாற்றுங்கள். ஒரே தீர்வுக்குப் பதிலாக, வெவ்வேறு காரணங்களைச் சொல்லும் மூன்று முன்நேர்வுகளைத் திரையில் காட்டுவது இவை எல்லாவற்றையும்விட நல்ல பலன் தரும் என்பது என் கருத்து.

## அறிகுறி 4: பொருத்தமான முன்நேர்வு எதுவும் கிடைக்கவில்லை என்று வருகிறது

ஏற்பு வரம்பு, அதாவது ஒரு முன்நேர்வைக் காட்டத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண், மிக உயரமாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வரம்பைச் சற்று இறக்கியதும் பயனுள்ள முன்நேர்வுகள் வரத் தொடங்கினால் அத்தோடு முடிந்தது. அவ்வாறு வராமல் குப்பைதான் வருகிறது என்றால், உண்மையாகவே அந்தப் பகுதியில் அனுபவம் பதிவாகவில்லை என்று பொருள். அப்போது ‘தெரியாது’ என்று சொல்லும் அமைப்பைக் குறை சொல்லக்கூடாது.

தொகுப்பு சிறியது என்பதே குறையாகிவிடாது. லாக்ஹீட் நிறுவனத்தில் விமான உதிரிப் பாகங்களைப் பெரிய சூட்டடுப்பில் எந்த வரிசையில் அடுக்கிப் பதப்படுத்துவது என்பதற்காக உருவாக்கிய ‘கிளேவியர்’ என்ற சிபிஆர் மென்பொருள், வெற்றி பெற்ற ஒரு சில அடுக்குமுறைகளோடு தொடங்கிப் படிப்படியாக வளர்ந்தது. அடுப்புக்குள் வெப்பம் பரவும் விதத்தை முழுமையாகக் கணித்துச் சொல்ல வழியில்லாத நிலையில், முன்பு பலித்த அடுக்குமுறைகளின் வரைபடங்களை இயக்குநர்கள் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்ததுதான் அதற்கு அடித்தளம். உங்கள் பணிமனையிலும் அப்படி ஒரு நோட்டு யாரிடமாவது இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். புதிய வகை மோட்டார் சந்தைக்கு வந்தால், முதல் சில பழுதுகளை மூத்தவர் ஒருவரே பார்த்து முழு விவரத்துடன் பதிய வேண்டும் என்று ஏற்பாடு செய்யுங்கள்.

## அறிகுறி 5: தேடல் மிக மெதுவாகிவிட்டது

பெரும்பாலும் படங்களும் ஒலிப்பதிவுகளும் தேடலுடன் சேர்ந்து ஏற்றப்படுவதே காரணம். அவற்றைத் தனியே வைத்து, விடையைத் திறக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். அடுத்து, மோட்டார் வகை, பேஸ் ஆகிய இரண்டைக் கொண்டு முதலில் வடிகட்டிவிட்டு, எஞ்சியவற்றை மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். அதன் பின்னும் வேகம் போதாவிட்டால்தான் பதிவுகளைக் குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். பழையதாக இருக்கிறது என்றோ, பயன்படவில்லை என்றோ கண்ணை மூடிக்கொண்டு அழிக்க வேண்டாம். பாரி ஸ்மித், மார்க் கீன் ஆகியோர் 1995இலேயே எச்சரித்தபடி, சில முன்நேர்வுகளுக்கு மாற்றே இல்லை. அவற்றை இழந்தால் அவை தீர்த்துவந்த பழுதுகளை அமைப்பு என்றைக்கும் தீர்க்க இயலாது. அழிக்க எண்ணும் பதிவை விலக்கிச் சோதியுங்கள்: மற்றொரு பதிவு அதே தீர்வைத் தந்தால் மட்டும் அகற்றலாம்.

## அறிகுறி 6: புதிய பதிவுகள் அரைகுறையாக வருகின்றன

படிவம் நீளமாக இருக்கிறது என்பதே முதற்காரணம். வயலில் சேற்றுக் கையோடு நிற்பவர் முப்பது புலங்களை நிரப்ப மாட்டார். கட்டாயப்படுத்தினால் எல்லாவற்றிலும் முதல் தெரிவை அழுத்திவிட்டுப் போவார். கட்டாயப் புலம் ஒன்றில் ஒரே மதிப்பு பெருவாரியாக வந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வந்திருந்தால் அது அளந்து எழுதியது அல்ல. தீர்வைப் பிரிக்க உதவும் புலங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். குரல் பதிவாக விவரத்தை அனுப்பவும், அதை அலுவலகத்தில் ஒருவர் புலங்களாகப் பிரித்து எழுதவும் ஏற்பாடு செய்தால் பதிவின் தரம் நன்றாக உயரும். இதற்கு ஓர் ஆளின் சம்பளம் செலவாகும். ஆனால் புதிய மென்பொருள் வாங்குவதைவிட இது மேலானது என்று உறுதியாகச் சொல்வேன்.

## அறிகுறி 7: முன்பு நன்றாக இருந்தது, இப்போது தவறுகள் பெருகுகின்றன

தொகுப்பைச் சில மாதங்களுக்கு முந்தைய நகலுக்கு மாற்றி, அதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பழைய நகலும் தவறாகச் சொன்னால் வெளியுலகம் மாறியிருக்கிறது: புதிய மாடல்கள் வந்திருக்கலாம், கோடையில் நீர்மட்டம் இறங்கி, தண்ணீரின்றி ஓடும் மோட்டார்கள் கூடியிருக்கலாம். பதிவில் மாதத்தையும் மாடலையும் சேர்த்து, அண்மைய முன்நேர்வுகளுக்குச் சற்றுக் கூடுதல் எடை கொடுத்தால் போதும்.

பழைய நகல் சரியாகச் சொல்லி, இன்றைய தொகுப்பு தவறினால், இடையில் சேர்ந்த பதிவுகள் கெட்டவை. அமைப்பு பரிந்துரைத்த தீர்வை, அது பலித்ததா என்று பார்க்காமலேயே தானாகச் சேமித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால் இது நேரும். ஒரு தவறான பரிந்துரை முன்நேர்வாகிறது. அடுத்த தேடலில் அதுவே சான்றாக வருகிறது. அதை நம்பி மீண்டும் ஒரு தவறான பதிவு சேர்கிறது. தானாகச் சேமிப்பதை உடனே நிறுத்துங்கள். வேலை முடிந்து சில வாரங்களுக்குப் பின் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து, மோட்டார் ஓடுகிறது என்று உறுதியான பிறகே பதிவு தொகுப்புக்குள் நுழைய வேண்டும். போயிங் 737 விமானங்களின் சிஎஃப்எம் 56-3 எஞ்சின்களுக்காக உருவான ‘காசியோபே’ அமைப்பிலும் பராமரிப்பு அறிக்கைகள் அப்படியே ஏற்றப்படவில்லை. எஞ்சின் நிபுணர்கள் படித்துத் தேர்ந்தவையே முன்நேர்வுகளாயின.

நிபுணரை அழைக்கும் இடம்: எந்தப் பதிவு மெக்கானிக் எழுதியது, எது அமைப்பு தானே எழுதியது என்று பிரித்துச் சொல்லும் அடையாளம் உங்கள் தரவுத்தளத்தில் இல்லாவிட்டால், நீங்களாகக் கழித்துக் கட்ட முயல வேண்டாம். கடைசி நம்பகமான நகலுக்குத் திரும்புங்கள். இடையில் சேர்ந்த அனைத்தையும் தனிக் கோப்பாக எடுத்து வையுங்கள். தரவுத்தள வல்லுநரையும் மூத்த மெக்கானிக்கையும் ஒன்றாக உட்காரவைத்து ஒவ்வொன்றையும் ரசீதுடன் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யுங்கள். ரசீதில் மாற்றிய உதிரிப் பாகத்தின் பெயர் இல்லாத பதிவை மீண்டும் தொகுப்பில் சேர்க்க வேண்டாம்.